காற்றேறாத சைக்கிள்

சென்ற இதழில் பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த நேயர் சிலர், ரப்பர் சம்பந்தமான வேறொரு தொல்லையைப் பற்றியும் இப்பகுதியில் எழுத வேண்டுமெனக் கேட்டிருக்கின்றனர். பம்பை எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் டயரில் காற்று ஏறுவதில்லை, ஏறினாலும் நிற்பதில்லை, கடைக்காரரிடம் கொண்டு போனால் இரண்டே நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது, அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. இதன் மர்மம் யாது என்பதே அவர்களது கேள்வி.

இதற்கு விடை கூற நமக்கு ஒரு தகுதி உண்டு. இவ்விஷயத்தில் நாம் ஒரு பெரும் பிழை செய்தவர்கள். அதனால் துன்பப்பட்டது நாமல்ல, அடுத்த குவார்ட்டர்ஸ் பெண். அதனைப் பின்னர் கூறுவோம்.

கரக்பூர் ரயில்வே காலனியில் ஸ்கூட்டர் இல்லாத வீடு இன்று அபூர்வம். எனினும் சைக்கிள் ஒழிந்துவிடவில்லை. நிம்புரா யார்டுக்கு விடியற்காலை டூட்டிக்குச் செல்வோரில் சிலர் இன்றும் சைக்கிளில்தான் செல்கின்றனர். நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவர்களே. அன்றியும், மேற்கு வங்காள அரசாங்கம் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய 'சபூஜ் சாத்தி' திட்டத்தின்படி, அரசாங்கப் பள்ளிகளிலும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியர்க்குச் சைக்கிள் வழங்கப்பட்டு வருகிறது. நம்மவர் குழந்தைகள் பலரும் அதனைப் பெற்றிருக்கின்றனர். சைக்கிளைக் கொடுத்த அரசாங்கம் அதற்குக் காற்றடிக்கும் வித்தையையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. அது வீட்டாரின் பொறுப்பு.

காற்று என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நாம் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், பக்கத்து வீட்டுத் தெலுங்கு நண்பர் ஒருவர் நமது பின் சக்கரத்தைச் சுட்டிக்காட்டி, "காலி லேது" என்றார். தெலுங்கில் 'காலி' என்றால் காற்று. 'லேது' என்றால் இல்லை. நமக்கோ 'லேது' மட்டும் தெரியும். 'காலி இல்லை, ஆகவே நிறைந்திருக்கிறது' என்று பொருள் செய்துகொண்டு, அவருக்கு நன்றி கூறிவிட்டு ஏறி மிதித்தோம். கோல் பஜார் போய்ச் சேர்வதற்குள் டியூப் ரிம்மில் நசுங்கி இரண்டு இடங்களில் கிழிந்துவிட்டது. அந்நண்பர் இதனை இன்றளவும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி விஷயத்திற்கு வருவோம். நம் நாட்டுச் சாதாரணச் சைக்கிளில் இருப்பது டன்லப் வால்வு என்றும், வுட்ஸ் வால்வு என்றும் வழங்கப்படும் இனம். காற்றடைத்த டயருக்கு முதன்முதல் உரிமம் பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், ஆண்டு 1845. அது வழக்கத்திற்கு வராது மறைந்தது. பின்னர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியம் செய்துவந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர், 1887இல் தம் மகனது மூன்று சக்கர வண்டிக்காக அதனைப் புதிதாகச் செய்து, 1888இல் உரிமம் பெற்றார். அவர் பெயரால் எழுந்த கம்பெனி நம் வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லா ஷாகஞ்சில் ஒரு தொழிற்சாலையும், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையும் நடத்தியது. இரண்டும் இப்போது மூடிக் கிடக்கின்றன. ஆனால் கடைத்தெருவில் 'டன்லப் வால்வு' என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இவ்வால்வின் அமைப்பு மிக எளியது. டியூபோடு ஒட்டியிருக்கும் பித்தளைக் குழாய் ஒன்று ரிம்மின் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனுள் ஒரு சிறு பித்தளைத் தண்டு நிற்கும். அத்தண்டின் மேல்முனை திறந்தது, கீழ்முனை அடைபட்டது, பக்கத்தில் குண்டூசித் தலையளவு ஒரு துவாரம். அத்துவாரத்தை மூடிக்கொண்டு ஒரு மெல்லிய ரப்பர்க் குழல் தண்டின்மேல் உறைபோல் மாட்டப்பட்டிருக்கும். இதனைத்தான் நம்மூர்களில் 'வால்டியூப்' என்கிறோம். தண்டு வெளியே வராதபடி மேலே ஒரு நட்டு முடுக்கப்பட்டிருக்கும். அவ்வளவே.

பம்பிலிருந்து வரும் காற்று தண்டினுள் இறங்கி, பக்கத் துவாரத்தின் வழியே ரப்பரைச் சிறிது விலக்கிக்கொண்டு டியூபினுள் செல்கிறது. காற்று நின்றதும் ரப்பர் தானே சுருங்கித் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. உள்ளேயிருக்கும் காற்றும் வெளியிலிருந்து அந்த ரப்பரை அழுத்துவதால் அடைப்பு இன்னும் இறுகுகிறது. வேலைக்காரன் இல்லாமலே திறந்து மூடும் கதவு என்று கூறலாம்.

இந்த எளிமையிலேயே தொல்லையும் இருக்கிறது. டயரிலுள்ள காற்றின் அழுத்தத்தை வென்றால் மட்டும் போதாது. ரப்பரின் இறுக்கத்தையும் சேர்த்து வெல்ல வேண்டும். எனவே ஒரே டயருக்கு ஒரே பம்பினால் காற்றடிக்கும்போது, வால்டியூப் தடித்ததாக இருந்தால் கை வலிக்கும். மெல்லியதாக இருந்தால் இலேசாக இறங்கும். புதிய வால்டியூப் போட்ட மறுநாள் பம்பு கனப்பதாகத் தோன்றுவது இதனால்தான். ஒல்லியான உடம்புடைய சிறுவர் சிறுமியர்க்கு இது பெருஞ்சிரமம். வெயிலில் பல நாள் நிறுத்திவைத்த சைக்கிளிலோ, ரப்பர் பித்தளையோடு ஒட்டியே போய்விடும். சித்திரை வைகாசியில் இவ்வூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது நேயர்கள் அறிந்ததே. கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று திரும்பியதும் சைக்கிள் காற்று வாங்க மறுப்பதன் காரணம் இதுவேயன்றி, யாருடைய திருஷ்டியுமல்ல.

காற்று ஏறவில்லையென்றால் குற்றம் பம்பினுடையதா, வால்வினுடையதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பலர் இதனைச் செய்யாமலே வால்வைப் பிடுங்கத் தொடங்குகின்றனர். பம்பின் ரப்பர்க் குழாய் முனையைக் கட்டைவிரலால் நன்கு அடைத்துக்கொண்டு, மறுகையால் பம்பை அழுத்திப் பார்க்கவும். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று சீறினால் பம்பு செவ்வனே இருக்கிறது, குற்றம் வால்வில். கைப்பிடி எதிர்ப்பின்றிச் சும்மா இறங்கினால், பம்பினுள் இருக்கும் கிண்ணம் போன்ற தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டது என்று பொருள். பம்பின் மூடியைக் கழற்றித் தண்டை வெளியே இழுத்து, தோலின் விளிம்பை விரலால் விரித்து, இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்தால் அது உயிர் பெறும். அப்படியும் சரியாகாவிட்டால் வாஷரை மாற்றிவிட வேண்டியதுதான். ரப்பர் வாஷர் வைத்த பம்பாக இருந்தால் எண்ணெய்ப் பக்கமே போகவேண்டாம்.

தோலுக்கு எண்ணெய் நல்லது. இந்த ஒரு செய்திதான் நம்மைக் கெடுத்தது.

நமக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர் தஞ்சை ஜில்லாக்காரர். இஞ்சின் ஓட்டுவதால் வாரத்தில் பாதி இரவுகள் வெளியூர் ரன்னிங் ரூமில் கழிப்பவர். அவருடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பு. முன் கூறிய திட்டத்தில் கிடைத்த சைக்கிளில் பள்ளிக்குச் சென்று வந்தாள். தை மாதக் கடைசியில் ஒருநாள் மாலை பம்போடு நம் வீட்டுக்கு வந்து, "மாமா, புது வால்டியூப் போட்டதிலிருந்து என்னால் அழுத்தவே முடியவில்லை" என்றாள். நாம் அழுத்திப் பார்த்தோம், கனமாகத்தான் இருந்தது. முந்தின ஞாயிறன்றுதான் நமது பம்பின் தோல் வாஷருக்கு எண்ணெயிட்டு அது இலேசாகியிருந்தது. அதே புத்தியில், வால்வின் தண்டை வெளியே எடுத்து, வால்டியூபின்மேல் தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாகத் தடவி உள்ளே வைத்து முடுக்கினோம். என்ன ஆச்சரியம்! பம்பு வெண்ணெயில் இறங்கும் கத்திபோல இறங்கியது. அப்பெண் ஒரு கையாலேயே அழுத்திக் காட்டினாள். அன்று நமக்கு ஏற்பட்ட கர்வத்தை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆபீஸில் இரண்டு பேருக்கு இந்த யுக்தியைச் சொல்லியும் கொடுத்தோம்.

ரப்பருக்கு எண்ணெய் விஷம் என்பது அப்போது நமக்குத் தெரியாது. வால்டியூப் இயற்கை ரப்பரால் ஆனது; மிஷின் எண்ணெயை அது மெல்ல உறிஞ்சி, ஊதி, மிருதுவாகி, தன் பிடிப்பை இழந்துவிடுகிறது. தேங்காயெண்ணெயும் நல்லதன்று. காற்று இலேசாக ஏறியதற்குக் காரணமான அந்த நெகிழ்ச்சியே, காற்று இலேசாக வெளியேறுவதற்கும் வழியாயிற்று. முதல் நாலைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் தினமும் காலையில் டயர் சிறிது தளர்ந்திருந்தது. அப்பெண் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. அடிப்பதுதான் சுலபமாகிவிட்டதே! ஒவ்வொரு நாளும் பத்து முறை அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

மாத்யமிக் பரீட்சை தொடங்கிற்று. அவளுக்குத் தேர்வு மையம் வேறொரு பள்ளி. வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிஷம். கணிதப் பரீட்சையன்று காலையில் பார்த்தால் பின் டயர் தரையோடு தரையாகப் படிந்திருக்கிறது. அடித்தாள். அடித்த காற்று அடித்த வேகத்திலேயே திரும்பிற்று. தகப்பனார் அன்று ஊரில் இல்லை. நாம் இரவு டூட்டி முடிந்து இன்னும் திரும்பவில்லை. சைக்கிள் கடை அந்நேரத்தில் திறப்பதில்லை. டோட்டோ வண்டிகளெல்லாம் பரீட்சைக்குப் போகும் வேறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. தாயும் மகளும் பாதி தூரம் ஓட்டமும் நடையுமாகச் சென்று, பின்னர் ஒரு வண்டி பிடித்து, அரைமணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தனர். உள்ளே விட்டார்கள். ஆனால் மூச்சு வாங்கி, கை நடுங்கி, முதல் பக்கத்திலேயே இரண்டு கணக்கைத் தப்பாகப் போட்டு அடித்துவிட்டு, கடைசியில் பதினாறு மதிப்பெண்ணுக்குரிய பகுதியைத் தொடவே நேரமில்லாமல் எழுந்து வந்தாள்.

அன்று மாலை நாம் அந்த வால்வைக் கழற்றிப் பார்த்தோம். வால்டியூப் ஊறவைத்த அப்பளம்போல் உப்பி, தண்டின்மேல் தொளதொளவென்று தொங்கிற்று. விரலால் தொட்டவுடன் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சற்று நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வால்டியூப் கெட்டுவிட்டது, மட்டமான சரக்கு என்று சொல்லியிருக்கலாம், எல்லோரும் நம்பியிருப்பார்கள். இருந்தாலும் அடுத்த வீட்டுக்குச் சென்று, நாம் எண்ணெய் தடவியதுதான் காரணம் என்று சொல்லிவிட்டோம். அவள் தாயார் ஒன்றும் பேசவில்லை. பாட்டிதான், "தம்பி, தலைக்கு நல்லதென்று எண்ணெயைக் கண்ணிலே விடுவார்களா?" என்று கேட்டார். அப்பெண் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

நேயர்கள் நாம் சொந்தக் கதையை நீட்டுவதாக எண்ண வேண்டாம். எண்ணெய் தடவும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பது பின்னர் விசாரித்ததில் தெரிந்தது. கிரீஸ் வைப்போர், வேஸ்லின் பூசுவோர் நம் காலனியிலேயே இருக்கின்றனர். அவர்கள் இன்றே நிறுத்திக்கொள்வது நலம்.

வால்டியூப் மாற்றும் முறையைச் சிறிது விரிவாகவே கூறுகிறோம். வால்வின் நட்டைத் தளர்த்தும்போது உள்ளேயிருக்கும் காற்று சீறிக்கொண்டு வரும். முகத்தை அருகில் வைத்துக்கொள்ள வேண்டாம். காற்று முழுதும் போனபின் நட்டைக் கழற்றித் தண்டை உருவவும். பழைய ரப்பர் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுக்கவும். பிளேடு பட்டுப் பித்தளையில் கீறல் விழுந்தால் அக்கீறல் வழியே காற்றுக் கசியும். பக்கத் துவாரத்தில் ஊசியை விட்டுச் சுத்தம் செய்து, மேல்முனையில் வாய் வைத்து ஊதிப் பார்க்கவும். துவாரம் அடைபட்டிருந்து, அதனை அறியாமல் பம்பைக் குற்றஞ்சொல்வோர் உண்டு.

புதிய வால்டியூபைப் பழைய துண்டின் நீளத்திற்கு வெட்டிக்கொள்க. நீளமாக விட்டால் மடிந்து வழியை அடைக்கும். குட்டையாக விட்டால் துவாரத்தைச் சரியாக மூடாது. நுனியைத் தண்ணீரில் நனைத்து, அல்லது நம் முன்னோர் செய்தபடி எச்சில் தொட்டு, தண்டின் கீழிருந்து மேலாகச் சுழற்றிச் சுழற்றி ஏற்றவும். துவாரத்தைக் கடந்து, மேலே தண்டு பருத்திருக்கும் பகுதிவரை அது ஏறியிருக்க வேண்டும். அந்தப் பருத்த பகுதியில் ரப்பர் ஏறாவிட்டால், பித்தளையும் பித்தளையும் சேருமிடத்தில் காற்று கசியும். தண்டின் பக்கத்தில் சிறு காதுபோல் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தால், அது குழாயின் வாயிலுள்ள வெட்டில் உட்காரும்படி வைத்துவிட்டுத்தான் நட்டை முடுக்க வேண்டும். அவ்வாறு உட்காராவிட்டால் நட்டோடு தண்டும் சுழன்று ரப்பரை முறுக்கிக் கிழித்துவிடும். நட்டைக் கையால் இறுக முடுக்கினாலே போதும், குறடு வேண்டியதில்லை.

கடையில் வால்டியூப் கேட்கும்போது கைக்குக் கிடைத்ததை வாங்கிவர வேண்டாம். இரு விரலால் இழுத்துப் பார்க்கவும். மெல்லியதாக, இழுத்தவுடன் நீண்டு, விட்டவுடன் சுருங்குவதாக இருக்க வேண்டும். கறுத்து, தடித்து, வெடிப்புக் கண்டிருந்தால் அது பல வருஷம் அட்டையில் தொங்கிய சரக்கு. விலை மிகச் சொற்பமாதலால் இரண்டு மூன்று துண்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் மூடிவைப்பது நல்லது. பம்பு கனக்கிறது என்று சொல்லும் சிறுவர்க்கு மெல்லிய வால்டியூபே தக்க மருந்து. ஒட்டிப்போன வால்டியூபாக இருந்தால் தண்டை வெளியே எடுத்து விரல்களிடையே ஒருமுறை உருட்டிவிட்டாலே பிடி தளர்ந்துவிடும். மாற்றவேண்டிய அவசியம்கூட இராது.

காற்றடித்தபின் வால்வின் வாயில் ஒரு துளி எச்சில் வைத்துப் பார்ப்பது பழைய பரீட்சை. இதைவிடச் சிறந்தது ஒன்று இன்னும் வரவில்லை. குமிழி எழுந்தால் வால்டியூப் சரியில்லை. குமிழி இல்லாமலே மறுநாள் டயர் இறங்கியிருந்தால் டியூபில் பஞ்சர். இதனை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால், கடையில் வீணாக டியூபைக் கழற்றச் சொல்லிக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

வால்வுக் குழாய் ரிம்மில் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அதனையும் அலட்சியம் செய்யலாகாது. காற்றுக் குறைந்த டயரில் ஓட்டும்போது டயரும் டியூபும் ரிம்மின்மேல் சிறிது சிறிதாக நகர்கின்றன. வால்வு மட்டும் துளையில் மாட்டிக்கொண்டு நகரமுடியாமல் சாய்கிறது. ஒருநாள் அடியோடு கிழிகிறது. அவ்விடத்தில் பஞ்சர் ஒட்டமுடியாது. காற்றை இறக்கி, டயரைத் தளர்த்தி, வால்வை நேராக்கிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அடிக்குமுன் வால்வை உள்ளே ஒருமுறை அமுக்கி விட்டால், டியூப் டயரின் ஓரத்தில் சிக்காமல் இருக்கும்.

இனி மற்ற இனங்களைப் பற்றிச் சில வார்த்தை. இப்போது வரும் குழந்தைகள் சைக்கிளிலும் கியர் சைக்கிளிலும் பெரும்பாலும் மோட்டார் வண்டியில் உள்ளதுபோன்ற ஷ்ரேடர் வால்வு இருக்கிறது. இங்குள்ள ஐ.ஐ.டி. மாணவர்களின் சைக்கிள்களில் பார்க்கலாம். இதில் வால்டியூப் இல்லை. நடுவில் ஓர் ஊசியும் அதனைத் தாங்கும் சுருள்வில்லும் உள்ளன. பம்பின் வாயிலுள்ள முனை அந்த ஊசியை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வில்லின் பலத்தோடும் நாம் போராட நேரிடும். குழாய் முனையை அரைகுறையாகச் செருகிவிட்டு, காற்று ஏறவில்லை என்போர் பலர். முழுதும் செருகி, நெம்புகோலை மடக்கிவிட்டு அடித்தால் தொல்லையில்லை. மெல்லிய டயருள்ள விலையுயர்ந்த சைக்கிள்களில் பிரெஸ்டா என்னும் ஒல்லி வால்வு வருகிறது. அதன் உச்சியிலுள்ள பொடி நட்டைத் தளர்த்தி, ஒருமுறை விரலால் அழுத்திச் 'சுஸ்' என்று சிறிது காற்றை விட்டபின் அடிக்க வேண்டும். இந்த ஒன்றை அறியாமல், ஐயாயிரம் பத்தாயிரம் கொடுத்து வாங்கிய சைக்கிளைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவர் ஒருவரை நாம் அறிவோம்.

மொபைல் போன்போல் சார்ஜ் செய்து காற்றடிக்கும் சிறு யந்திரத்தைச் சிலர் வாங்கியிருக்கின்றனர். அது ஷ்ரேடர் வால்வுக்காகச் செய்யப்பட்டது. நம் டன்லப் வால்வுக்குப் பித்தளையில் ஒரு சிறு மாற்றுமுனை வைத்து அடிக்க வேண்டும். அதில் காணும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். வால்டியூபின் இறுக்கமும் டயரின் காற்றோடு சேர்ந்து கணக்காகிவிடுவதால், டயர் நிறையுமுன்பே 'போதும்' என்று யந்திரம் நின்றுவிடக்கூடும். நிறைந்ததா என்பதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து நாமே தீர்மானிக்க வேண்டியதுதான். பெட்ரோல் பங்கில் லாரிக்கு அடிக்கும் குழாயைச் சைக்கிளுக்கு வைப்பதோ, டியூபை வெடிக்கவைப்பதற்குச் சமானம்.

அயல்நாடுகளில், குறிப்பாக ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும், இதே டன்லப் குழாயில் வைக்கும்படி, ரப்பர் உறையே இல்லாத தண்டு வழக்கத்தில் இருக்கிறது. பம்பு மிக இலேசாக இறங்குமாம். தபாலில் வருவித்தால் நமது குழாயில் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். பொருந்தியதாக நேயர் எவரேனும் எழுதினால் வெளியிடுவோம்.

அடுத்த வீட்டுப் பெண்ணின் செய்தியைப் பாதியில் விட்டோம். அவள் தேறிவிட்டாள்; கணிதத்தில் மட்டும் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு. காலனிக்கு அருகிலுள்ள பள்ளியில் விஞ்ஞானப் பிரிவு கிடைக்கவில்லை. கிடைத்த பள்ளி ஊருக்கு அப்பால், இந்தாவுக்கும் அப்புறம். சைக்கிளில் முக்கால் மணி. மாலையில் டியூஷன் முடிந்து திரும்பும்போது விளக்கு வைத்துவிடும். "வழியில் காற்றுப் போனால் பெண்பிள்ளை கடை வாசலில் நிற்பதா? ஆர்ட்ஸ் படிக்கட்டும்" என்றார் பாட்டி. தகப்பனாரும் அதற்கு இசைந்துவிடுவார்போல் இருந்தது. அந்த வாரம் முழுவதும் நமக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது சைக்கிளையும் அவளுடையதையும் வாசலில் தலைகீழாக நிறுத்தி, அவளைக் கூப்பிட்டோம். முதலில் வரத் தயங்கினாள். பின்னர் வந்து, பாவாடையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே எழுதியவற்றையெல்லாம் அன்று அவளுக்கு ஒவ்வொன்றாகச் செய்து காட்டினோம். அவள் திருப்பிச் செய்தாள். மூன்றாம் முறை நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். நட்டைக் கழற்றியது முதல் எச்சில் வைத்துப் பார்த்தது வரை நாலு நிமிஷம். பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இருட்டில் செய்வாளா?" என்று கேட்டார். அன்று இரவு மின்சாரம் நின்ற சமயம் பார்த்து அப்பெண் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டினாளாம். நமக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இப்போது பதினொன்றாம் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள். பையில் ஒரு பழைய பெருங்காய டப்பா. அதில் நான்கு துண்டு வால்டியூப், ஓர் ஊசி, ஒரு வால்வுத் தண்டு. சைக்கிளின் பாரில் ஒரு கைப்பம்பு கட்டியிருக்கிறது. சென்ற வாரம் நாம் டூட்டிக்குப் புறப்படும்போது நமது பின் சக்கரத்தில் காற்று இல்லை. அவள்தான் வந்து பார்த்தாள். தண்டை உருவி, வால்டியூபை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "எண்ணெய் இல்லை மாமா, வெறும் பழசுதான்" என்றாள்.